இரண்டு டயரில் பிடித்த மிச்சம்



பழைய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கலாமா என்று சென்ற வாரம் மட்டும் மூவர் என்னிடம் கேட்டுவிட்டனர். என் வண்டி பள்ளி வளாகத்தில் உயரமாக நிற்பதால் வந்த வினை இது. நிற்கும் அழகை அவர்கள் பார்த்தார்கள். ஓடிய கதையை நான் சொல்கிறேன்.

1998-இல் பெரோடுவா கெம்பாரா வெளிவந்தபோது நான் இளம் ஆசிரியன். ஜப்பானின் டைஹாட்சு தெரியோஸை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டில் உருவான வண்டி; நான்கு சக்கரங்களும் எந்நேரமும் இயங்கக்கூடியது. ஒரு மழைநாளில் தோட்டத்துச் சேற்றில் என் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில், அப்படியொரு வண்டி என்னை எளிதாகக் கடந்து சென்றது. அன்று தொற்றிய ஆசை 2022-இல்தான் நிறைவேறியது. வாங்கியது கெம்பாரா அன்று. அதைவிடப் பெரிய, 11 ஆண்டுகள் ஓடிய வேறொரு நாற்சக்கர இயக்க வண்டி. விலை 32,000 வெள்ளி.

2021 டிசம்பரில் சிலாங்கூர் வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கியிருந்ததால் மிகவும் விழிப்பாக இருந்தேன். இருக்கைப் பட்டைகளை முழுவதும் இழுத்துச் சேற்றுக்கறை தேடினேன். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தேன். பூஸ்பாகோம் சோதனையிலும் வண்டி தேறியது. (கியர்பெட்டிக்குள் இன்னும் எத்தனை மாத உயிர் இருக்கிறது என்று கணிப்பது அந்தச் சோதனையின் வேலையன்று.)

பொந்தியான் சாலைகளை அறியாதவரா நீங்கள்? அன்னாசி விளையும் கரிய சதுப்பு மண் நம்முடையது. நீர் வடிய வடிய அது அமிழ்ந்துகொண்டே போகும். மேலே உள்ள சாலை அலையலையாக நெளியும். கனத்த வண்டிக்கு அந்த நெளிவுகள் ஆகா. முதலாண்டில் அதிர்வுதாங்கிகள் நான்கிற்கும் 1,150 வெள்ளி, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் ரப்பர் புஷ்களுக்கு 640. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி வெடித்ததில் 520. குளிர்சாதனச் சுருள் ஒழுகியதில் 880. ஆக 3,190 வெள்ளி. என் துணைவியார் இதைத் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

இவையெல்லாம் வயதான வண்டிக்கு வரக்கூடியவையே. அடுத்தது என் கையாலேயே வந்தது. 2023-இல் முன் டயர்கள் தேய்ந்தன. நான்கையும் மாற்ற 1,280 வெள்ளி. இரண்டை மட்டும் மாற்றி 640 வெள்ளியை மிச்சம் பிடித்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில மாதங்களில், மெதுவாக வளைக்கும்போது யாரோ சக்கரத்தைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி இறுகியது. "பழைய வண்டிதானே" என்று விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை, ஜொகூர் பாருவில் திருக்குறள் போட்டி முடிந்து நான்கு மாணவர்களுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். பெக்கான் நானாசை நெருங்கும்போது கருகிய நாற்றம். வண்டியின் அடியிலிருந்து புகை. பிள்ளைகளை இறக்கிச் சாலையோரம் கால்வாய்ப் பக்கமாக நிறுத்தினேன். லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு சென்றன. "சார், வண்டி வெடிக்குமா?" என்று மூன்றாம் ஆண்டு மாணவி கேட்டாள். "வெடிக்காது" என்றேன். எனக்கு அதில் உறுதியில்லை.

அழைத்ததும் வந்தவர் ஒரு மாணவனின் தந்தை, லாரி ஓட்டுநர். அவர் எந்திர மூடியைத் திறக்கவே இல்லை. குனிந்து டயர்களைப் பார்த்தார்.

"முன்னால ரெண்டும் புதுசு, பின்னால ரெண்டும் மொட்டை. இது எந்நேரமும் நாலு சக்கரமும் ஓடுற வண்டியாச்சே, சார்?"

காரணம் எளிது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு; அதே தூரத்தைக் கடக்க அது கூடுதலாகச் சுழல வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் ஏற்படும் அவ்வேறுபாட்டை நடுவில் உள்ள இணைப்பி ஓயாமல் தாங்க வேண்டும். வளைவுகளில் சற்று நேரம் உழைக்க வேண்டிய உறுப்பு, நேர்ச்சாலையிலும் ஓய்வின்றி உழைத்துச் சூடேறி வெந்துவிட்டது. புதியது 6,000 வெள்ளிக்கும் மேல். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளில் கழற்றிய பழைய உறுப்பு 1,900, கூலி 550. பிடித்த மிச்சம் 640, கொடுத்தது 2,450.

ஆகவே, கேட்ட மூவருக்கும் என் விடை இது. விலையைக் கேட்கும் முன் நான்கு டயர்களையும் பாருங்கள். வெவ்வேறு தேய்மானம் இருந்தால் முன்னாள் உரிமையாளரும் என்னைப் போன்றவரே. வெற்றிடத்தில் திசைமாற்றியை முழுவதும் வளைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள், இறுகினால் இறங்கிவிடுங்கள். கியர் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். வாங்கும் விலைக்குமேல் 5,000 வெள்ளியாவது முதலாண்டுக்கென ஒதுக்க முடியாவிட்டால் இந்த ஆசை வேண்டா. சேற்றுப் பாதை இல்லாதவர்களுக்கு இருசக்கர இயக்கமே போதும். என் வண்டி இன்றுவரை ஒருமுறைகூடச் சேற்றில் இறங்கியதில்லை!

அடுத்த ஆண்டுப் போட்டிக்கும் அந்த லாரி ஓட்டுநரின் மகன் என் வண்டியில்தான் வந்தான். விடியற்காலையில் மகனை அழைத்து வந்தவர், எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நான்கு டயர்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகுதான் மகனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.