விரலில் குற்றமில்லை!

"இரண்டாவது தந்தியை அழுத்திப் பிடிடீ! சத்தமே வரலையே!"

ஒரு மாதமாக என் பெண்ணிடம் நான் பாடிய பல்லவி இது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவளுக்குக் கிட்டார் என்றால் உயிர். சீட்டுப் பணம் எடுத்து, ஸ்பீக்கரில் இணைத்து வாசிக்கும் கிட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கிக் கொடுத்தோம். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். ஆனால் ஸ்பீக்கரில் மற்ற ஐந்து தந்திகளும் கணீரென்று ஒலிக்க, இரண்டாவது தந்தி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

அழுத்தி அழுத்தி வாசித்து விரல் நுனி கொப்பளித்துவிட்டது. ஒரு நாள் இரவு, "எனக்கு வராதும்மா. பேரை எடுத்துடச் சொல்லிடு" என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா வாசிக்கச் சொன்னேன். ஆறு தந்தியும் ஒரே சீராகக் கேட்டன! விரலில் குற்றம் என்றால் இப்போதும் அல்லவா மங்கிக் கேட்க வேண்டும்? ஒரு மாதம் வீணாகத் திட்டியிருக்கிறேனே என்று குன்றிப் போனேன்.

பேட்டரியையும் தந்திகளையும் மாற்றினோம். பயனில்லை. கடையில், "பிக்கப்பையே மாற்றணும்" என்று சில ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான், ரேடியோ ரிப்பேர் செய்து பழகிய என் அண்ணா ஊரிலிருந்து வந்தார்.

"உன் கேஸ் லைட்டர் மாதிரிதான் இதுவும்" என்றார். லைட்டரை அமுக்கியதும் உள்ளேயிருக்கும் பீசோ படிகத்தில் அடி விழுந்து மின்சாரம் உண்டாகிறது, அதுதான் தீப்பொறி. அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும். நம் மேரி கியூரி அம்மையாரின் கணவர்தான் இந்தப் பியர்!

வீணையில் குதிரை மேல் தந்திகள் நிற்பதுபோல, கிட்டாரில் 'சாடில்' என்ற வெள்ளைப் பட்டை மேல் நிற்கின்றன. அதனடியில், பள்ளத்துக்குள் மெல்லிய பீசோ பட்டை இருக்கிறது. சாடிலின் அடிப்பாகம் எங்கும் ஒரே சீராக அதன்மேல் உட்கார வேண்டும். எங்காவது குழிந்திருந்தால், அங்குள்ள தந்திக்கு அழுத்தம் போதாது; சத்தம் குறையும்.

தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். எந்தப் பக்கம் எது என்று குறித்துக்கொண்டு சாடிலை எடுத்தோம். பள்ளத்திலிருந்த தூசியை மெல்லிய பிரஷால் தட்டினோம். பட்டையில் நகமோ ஊசியோ படக்கூடாது. பிறகு சாடிலின் அடியில் முழுக்கப் பென்சிலால் தீட்டி, கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய நைஸ் உப்புத்தாளில் சாயாமல், நிமிர்த்திப் பிடித்து இரண்டு தேய் தேய்த்தார். எல்லா இடத்திலும் பென்சில் கறுப்பு அழிந்தது. இரண்டாவது தந்தி நிற்கும் இடத்தில் மட்டும் அப்படியே இருந்தது. அங்கேதான் பள்ளம்! அதுவும் அழியும்வரை பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். அதிகம் தேய்த்துவிட்டால் தந்திகள் தாழ்ந்து, வாசிக்கும்போது 'கிர்' என்று உரசும். (இத்தனை செய்தும் சரியாகாவிட்டால் பட்டையிலோ வயரிலோ கோளாறு இருக்கலாம். அப்போது மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.)

திரும்பப் பொருத்தி, சுருதி சேர்த்து, வயரை மாட்டினாள். இரண்டாவது தந்தி கணீரென்று கூப்பிட்டது!

"அம்மா தெரியாம திட்டிட்டேன்டி" என்றேன்.

"போகட்டும்மா, என் கை நல்லாத்தான் இருக்கு இல்லே?" என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஆண்டு விழாவில் வாசித்தாள். கைதட்டலைவிட அந்தக் கேள்விதான் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. இப்போதெல்லாம், கணக்கில் மார்க் குறைந்தால்கூட, திட்ட வாய் திறக்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.