‘போட்டாச்சு’

முதல் தகவல் அறிக்கையின் நகலோடு ஒரு மஞ்சள் பையையும் கொண்டுவந்திருந்தார். ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டூல் ரூம் ஃபிட்டர். இருபது வருஷ சர்வீஸ். பைக்குள் இருந்தது அவர் கண்டுபிடித்த இன்ஜின்.

சக்கரத்துக்கு விசை கொடுக்காது, புகையைப் பின்னால் தள்ளாது, ஆனால் முன்னே போகும் என்றார். மோட்டாரில் சுழலும் இரண்டு எடைகள், பாதிச் சுற்று மெதுவாக, பாதிச் சுற்று வேகமாக. என் மேஜைமேல் வைத்து ஓட்டினார். அரக்கி அரக்கி நகர்ந்து கேஸ் கட்டில் முட்டி நின்றது. குமாஸ்தா கைதட்டிவிட்டார்.

புகார் கொடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர். சிப்காட்டுக்கு நிலம் போன பணத்தில் ஆறு லட்சத்தை இதில் போட்டிருந்தார். வண்டி வரவில்லை. பிரிவு 420. (இப்போது அது 318 ஆகிவிட்டது, ஊர் வாயில் இன்னும் 420தான்.)

புகாரின் உயிர் ஒரு வாட்ஸ்அப் செய்தி: “சார், பேட்டன்ட் போட்டாச்சு.” ‘வாங்கிவிட்டான்’ என்று அவர் படித்தார். ‘விண்ணப்பம் போட்டேன்’ என்பது என் கட்சிக்காரர் சொன்ன அர்த்தம். கூட அனுப்பிய தாளில் இருந்தது கிண்டி காப்புரிமை அலுவலகத்தின் விண்ணப்ப எண் மட்டுமே. விண்ணப்பம் 18 மாதத்தில் தானாக இதழில் வெளியாகிவிடும். அதற்கு யாரும் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பரிசோதனைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். அங்கேதான் காப்புரிமைச் சட்டத்தின் 3(அ) பிரிவு காத்திருக்கிறது. நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானது கண்டுபிடிப்பே அல்ல என்கிறது அது.

“இன்னொரு ராமர் பிள்ளை சார் இவன்” என்றார் காவல் ஆய்வாளர். எனக்கு அந்த ஒப்பீடுதான் பயம். 1996-ல் மூலிகையில் பெட்ரோல் என்று நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தவர் ராமர் பிள்ளை. பிறகு சென்னையில் விற்பனையே நடந்தது. விற்றது நாஃப்தா, டொலுவீன் போன்றவற்றின் கலவை என்றது சி.பி.ஐ. 2016 அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கும் வேறு நால்வருக்கும் மூன்றாண்டு சிறை விதித்தது. கலப்படச் சரக்கை மூலிகை என்று விற்கிறவனுக்குத் தான் விற்பது என்னவென்று தெரியும். என் ஆளுக்குத் தெரியுமா? மோசடி என்றால் வாக்குக் கொடுத்த அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் சொல்லியிருக்கிறது. எண்ணத்தை எதை வைத்து அளப்பது?

இயற்பியல் பேராசிரியரான நண்பர் ஒருவர் வழி சொன்னார்: “கயித்துல கட்டித் தொங்கவிடுங்க. தானா தள்ளுற இன்ஜின்னா ஒரு பக்கமா சாஞ்சே நிக்கணும்.” தரையில் நகர்வது உராய்வின் வேலையாம். எடைகள் மெதுவாகத் தள்ளும்போது தரை பிடித்துக்கொள்கிறது, வெடுக்கென்று இழுக்கும்போது விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் நார்மன் டீன் என்பவர் இதே ஜாதிக் கருவிக்கு 1959-ல் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். அதன் நகலை என் கட்சிக்காரர் பூஜை அறையில் வைத்திருந்தார். காப்புரிமை கிடைத்ததால் அது ஓடியது என்று அர்த்தமில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு ஷெட்டில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். புகார்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். அதில் ஆபத்து இருந்தது. இன்ஜின் உறுமியது, ஆடியது, ஆடி ஆடித் தூக்குக்குண்டு காட்டிய இடத்துக்கே வந்தது. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

“கயிறு முறுக்கியிருக்கு சார், நைலான்ல பண்ணிப் பாக்கணும்” என்றார் அவர்.

புகார்காரர் என்னைப் பார்த்தார். “இவன் என்னைய ஏமாத்தல வக்கீல் சார்” என்றார். தவணையில் பணம் திரும்பியது. சமரச மனுவின்பேரில் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

கடைசித் தவணை கட்டிய வாரம் ஃபிட்டர் மறுபடி வந்தார். கிண்டியிலிருந்து பரிசோதனை அறிக்கை வந்திருந்தது. முதல் ஆட்சேபணையே 3(அ). “பதில் போடணும் சார், ஃபீஸ் எவ்வளவு?” என்றார்.