மாவு என்று ஓர் ஊர்



அடிலெய்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சில படங்கள் அனுப்பியிருந்தார். செம்மண் வெளி, நடுவே கூரையில்லாத கல் சுவர்கள். ஊரின் பெயர் ஃபரீனா. லத்தீனில் 'மாவு' என்று பொருள். கோதுமை கொழிக்கும் என்று நம்பி, 1878இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட வடபகுதியில் அமைத்த ஊர் அது.

அங்கே கோதுமை நிலைக்காது என்பது முன்பே தெரிந்த விஷயம்தான். அந்தக் காலனியின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர், 1865 வறட்சியின்போது குதிரையில் சுற்றி, செடிகொடிகள் மாறும் இடங்களைக் கவனித்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே பயிரிடலாம்; வடக்கே மேய்ச்சல் மட்டும். பலர் அவரைக் கேலி செய்தார்கள்.

1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை. உழுத இடத்தைத் தேடி மழை வரும் என்ற பேச்சு பரவியது. 1874இல் அரசும் இறங்கி வந்து, கோட்டைத் தாண்டி நிலம் கொடுத்தது. 1880களில் வறட்சி திரும்பியது. வடக்கே பல குடும்பங்கள் வீட்டைப் போட்டுவிட்டுத் தெற்கே நடந்தன.

ஃபரீனாவை வாழவைத்தவை 1882இல் வந்த ரயிலும், சுரங்கங்களும், ஒட்டகங்களும்தான். 'ஆப்கானியர்' என்று அழைக்கப்பட்ட அந்த ஒட்டகக்காரர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள். உச்சத்தில் சுமார் 600 பேர் இருந்த ஊர் மெல்ல மெல்லக் காலியானது. இன்று குளிர்காலத்தில் தன்னார்வலர்கள் வந்து சுவர்களைப் பழுது பார்க்கிறார்கள். நிலத்தடியில் இருக்கும் பழைய அடுப்பில் ரொட்டி சுட்டு விற்கிறார்கள். மாவு மட்டும் வெளியூரிலிருந்து வருகிறது.

இது எனக்கு வெறும் வரலாற்றுப் பாடம் இல்லை. என் அப்பா மானாவாரிக்காரர். இரண்டு வருட மழையை நம்பிக் கடனில் புஞ்சை வாங்கினார். மூன்றாம் வருடம் மழை இல்லை. அந்தக் கடனைக் கட்டி முடித்தது என் முதல் பத்து வருடச் சம்பளம்.

உங்களில் சிலர் இன்று கோப்பில் குறிப்பெழுதும் இடத்தில் இருக்கிறீர்கள். மேலே இருப்பவருக்குப் பிடிக்காவிட்டாலும், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சொன்னதைக் கேட்காமல் போனாலும், கோய்டர் போட்ட கோடு இன்றும் வரைபடத்தில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்