ஓவியமும் அதன் நிழலும்

தான் தீட்டிய ஓவியத்தைத் தானே நிழற்படம் பிடிப்பது எளிய காரியம் என்றே ஓவியர் பலரும் எண்ணுகின்றனர். மாதக்கணக்கில் ஒரு துணியின் முன் நின்று நிறத்தையும் ஒளியையும் எடைபோட்டவருக்கு, ஒரு கணம் பொத்தானை அழுத்துவதா பெரிய காரியம்? ஆயின், வரைந்தவரே அதனைப் படம்பிடிப்பதற்கு மிகவும் தகுதி குறைந்தவர் என்று கூறினும் தவறாகாது. அவருடைய கண் அங்கே உள்ளதைக் காண்பதில்லை. தான் தீட்டியதைக் காண்கின்றது. யன்னல் ஒளி வெண்திட்டாய் மேலே படிந்து கிடப்பினும், அதன் கீழ்த் தான் இட்ட கருநீலம் இருப்பதை அவர் அறிவார். அறிந்த அந்த நீலத்தையே காண்பார். கமெராவுக்கு அந்த அறிவும் இல்லை, அந்த அன்பும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நுண்கலை பயிலும் மாணவி ஒருத்தி இதனை இழப்பின் வழியாகவே கற்றுக்கொண்டாள். தன் அம்மம்மா விடியற்புறத்தில் அடுப்படியில் குந்தியிருந்து நெருப்பு மூட்டும் காட்சியை அவள் எண்ணெய் வர்ணத்தில் தீட்டியிருந்தாள். படத்தின் பெரும்பகுதி இருள்; அந்த இருளுக்குள் புகை படிந்த சுவர், சுவருக்குள் மங்கலாய் ஒரு முகம். நான்கு மாத உழைப்பு. கொழும்பிலே நடைபெறவிருந்த கண்காட்சி ஒன்றுக்கு அதன் நிழற்படத்தை அனுப்பினாள். முதற்கட்டத் தெரிவு நிழற்படங்களைக் கொண்டே நடைபெறும் என்பது விதி. ஓவியம் தெரிவாகவில்லை. தோற்றது ஓவியமா, அதன் படமா என்பதை அவளால் அறிய முடியவில்லை. தோல்வியைவிட இந்த அறியாமையே அவளை வருத்தியது எனலாம்.

ஊரிலே நாற்பது ஆண்டுகள் ஸ்ரூடியோ நடத்தி ஓய்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் அவள் அப்படத்தைக் கொண்டுசென்று காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார்.

“பிள்ளை, நீ ஓவியத்தைப் பிடிக்கேல்லை. யன்னலையல்லோ பிடிச்சிருக்கிறாய்!”

அதன்பின்னரே அவளுக்கும் தெரிந்தது. அம்மம்மாவின் தோளின்மேல், நான்கு கம்பிகளோடு, யன்னல் முழுமையாக இருந்தது.

பள்ளிக்கூடத்துப் பௌதிகவியலில் எல்லோரும் படித்து மறந்த விதியொன்றே இங்கு வேலை செய்கின்றது. ஒளி ஒரு பரப்பின்மீது எந்தக் கோணத்தில் படுகின்றதோ அதே கோணத்தில் மறுபுறம் தெறிக்கும். எண்ணெய் வர்ணமும் அதன்மேற் பூசும் வார்னிஷும் அரைவாசி ஆடி போன்றவை. விளக்கு கமெராவின் அருகே இருப்பின் அதன் ஒளி நேரே கமெராவுக்குத் திரும்பி வரும். ஆதலாற்றான் கமெராவோடு கூடிய பிளாஷ் ஓவியத்துக்குப் பகை. விளக்குகளை ஓவியத்தின் இருமருங்கிலும் 45 பாகைச் சரிவில், சமதூரத்தில் நிறுத்தினால் தெறிப்பு கமெராவை விட்டு விலகிச் செல்லும். இரண்டு ஒளியும் சமமானவையா என்று அறிவதற்கு முதியவர் ஒரு பென்சிலையே கருவியாகக் கொண்டார். ஓவியத்தின் நடுவிலே அதனைச் செங்குத்தாகப் பிடித்தால் இருபுறமும் நிழல் விழும். இரு நிழல்களும் ஒரே நீளமும் ஒரே கருமையும் உடையனவாயின் ஒளி சமம். ஒன்று கறுத்து மற்றது வெளிறின் ஒரு விளக்கை நகர்த்தவேண்டியதுதான். விலையுயர்ந்த ஒளிமானி எதுவும் இதைவிடத் தெளிவாகப் பேசுமா என்பது ஐயமே.

விளக்குகள் ஒரே வகையினவாய் இருத்தல் வேண்டும். ஒருபுறம் யன்னலும் மறுபுறம் மின்குமிழுமாய் வைத்துப் பிடித்த ஓவியம், ஒரு கன்னம் நீலமும் மறு கன்னம் மஞ்சளுமாய் முடியும். விளக்கு வாங்க வசதியற்ற மாணவர்க்கு விறாந்தை இருக்கின்றது. வெயில் நேரே படாத விறாந்தையில், மேகம் மூடிய மார்கழி நாளொன்றில் கிடைக்கும் மெல்லிய, பரவலான ஒளிக்கு ஈடில்லை. மாமர நிழலை மாத்திரம் நம்பக் கூடாது. இலையூடு வடிந்து வரும் ஒளி பச்சை. கண் அதனைப் பொருட்படுத்தாது, கமெரா பொருட்படுத்தும். சிவப்புச் சீமெந்துத் தரையும், படம் பிடிப்பவர் அணிந்திருக்கும் கடுநிறச் சட்டையுங்கூட ஓவியத்தின்மேல் தம் நிறத்தைச் சிறிது பூசிவிடும்.

அவளது படத்தில் இன்னொரு குறையும் இருந்தது. செவ்வகமாயிருந்த ஓவியம் மேலே குறுகிக் கீழே அகன்று காணப்பட்டது. கமெரா ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேரே, அதன் தளத்துக்குச் சமாந்தரமாய் இல்லாதபோது இவ்வாறு நேரும். முதியவர் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியொன்றை ஓவியத்தின் நடுவிலே தட்டையாகப் பிடிக்கச் சொன்னார். கமெராவினூடு பார்க்கையில் கண்ணாடியின் மையத்திலே கமெராவின் வில்லையே தெரியுமாயின் எல்லாம் நேர். கைத்தொலைபேசியை ஓவியத்துக்கு மிக அருகே கொண்டுசெல்வதையும் அவர் தடுத்தார். அகன்ற கோண வில்லை அருகில் நின்று பார்க்கும்போது ஓரங்கள் வளைந்துவிடும். சில அடி பின்வாங்கி, நீண்ட குவியத்தூரமுள்ள வில்லையைப் பயன்படுத்தி, தாங்கியில் நிறுத்திப் பிடிப்பதே நன்று.

இவையனைத்தும் கைத்திறன் சார்ந்தவை. ஒரு பிற்பகலிலே கற்றுவிடலாம். உண்மையான இடர் இதன்பின்னரே வந்தது. ஒழுங்காக ஒளியமைத்து அவள் பிடித்த புதிய படத்தைத் தொலைபேசி தானாகவே ‘திருத்தி’யிருந்தது. கமெராவின் ஒளியளவி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும் இயல்பினது. வெள்ளை ஓவியத்தை மங்கச் செய்யும், இருண்ட ஓவியத்தை வெளுப்பிக்கும். அடுப்படியின் இருள் கலைந்து, நெருப்பு பொன்னாய்ச் சுடர்ந்து, அம்மம்மாவின் முகச்சுருக்கங்கள் யாவும் துலக்கமாய்த் தெரிந்தன. படம் ஓவியத்தைவிட அழகாயிருந்தது. அதனை அனுப்பினால் தெரிவாகும் என்றே அவளுக்குத் தோன்றியது.

முதியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வடிவாய்த்தான் இருக்கு பிள்ளை. ஆனால் இது ஆற்றை படம்?”

அவள் விடையளிக்கவில்லை. தொலைபேசியை ஓவியத்தின் பக்கத்திலே பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒளியளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து மீண்டும் மீண்டும் பிடித்தாள். இருள் இருளாகத் திரும்பி வருவதற்கு ஒன்பது படங்கள் எடுத்தன. ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கைத் தெறிக்கும் சாம்பல் அட்டையொன்றை ஓவியத்தின் முன்வைத்து அளந்திருந்தால் ஒன்றிரண்டிலேயே முடிந்திருக்கும். ஆயினும் அந்த ஒன்பதும் வீண் என்று கூறிவிட முடியாது.

ஒரு நிழற்படத்துக்கு இத்துணைப் பாடு எதற்கு, ஓவியந்தான் இருக்கின்றதே எனக் கேட்கலாம். ஓவியம் இருக்கும் என்பதற்கு எவரும் பிணை நிற்பதில்லை. வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தின் விதானத்துக்கென 1894 இல் குஸ்தாவ் கிளிம்ற் என்ற ஓவியரிடம் தத்துவம், மருத்துவம், சட்டம் ஆகியன பற்றிய ஓவியங்கள் கோரப்பட்டன. அவர் வரைந்தவற்றைப் பேராசிரியர் பலர் எதிர்த்தனர். 1905 இல் அவர் தம் ஓவியங்களை மீளப் பெற்றுக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக ஒரு கோட்டையில் வைக்கப்பட்டிருந்த அவை 1945 மே மாதத்தில் தீக்கிரையாயின. இன்று முழுமையாக எஞ்சியிருப்பவை கறுப்பு வெள்ளை நிழற்படங்களே. 2021 இல் அறிஞர்களும் கணினியும் சேர்ந்து, அக்காலத்தவர் எழுதிவைத்த வருணனைகளின் துணையோடு, அவற்றின் நிறங்களை ஊகிக்க முயன்றனர். ஊகந்தான்.

முதியவரிடமும் அத்தகைய படங்கள் இருந்தன. 1980களில் உள்ளூர் ஓவியர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் பிடித்துக்கொடுத்த பதினொரு படங்களின் பிரதிகள் ஒரு பழைய அல்பத்தில் ஒட்டப்பட்டிருந்தன. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தபோது அந்த ஓவியர் தம் ஓவியங்களைப் பூட்டிய வீட்டிலே விட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது வீடே இல்லை. படங்கள் அனைத்தும் கறுப்பு வெள்ளை. கூர்மையானவை, நேரானவை, பளபளப்பு எங்கும் இல்லாதவை. ஆனால் அளவோ, ஆண்டோ, நிறமோ எதன் பின்புறத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கிணற்றடியில் துலாக்கயிற்றைப் பிடித்து நிற்கும் பெண்ணின் படத்தில் அவள் விரலை வைத்தாள்.

“இந்தச் சீலை என்ன நிறம் ஐயா?”

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சிவப்பெண்டுதான் நினைக்கிறன்… இல்லை, பச்சையோ… நான்தானே பிள்ளை பிடிச்சனான். தெரியேல்லை.”

அன்றிரவு அவள் தன் கொப்பியில் முதற்பக்கத்தைத் திறந்து எழுதினாள்: அடுப்படி. எண்ணெய் வர்ணம், துணி. 76 x 61 சென்ரிமீற்றர். சுவர், புகைக் கறுப்பு, இடதுபுறம் சிறிது நீலம் கலந்தது. அம்மம்மாவின் சீலை, தோய்த்துத் தோய்த்து மங்கிய செம்மண் நிறம்.