கல்வராயன் மலைப் பாதையும் காரின் சில்லறை வசதிகளும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு வேலைநாள் தோறும் ஏறி இறங்கும் நால்வர் நாங்கள். மூவர் ஆசிரியர்கள், ஒருவர் மருந்தாளுநர். கார் ஒன்றுதான். அது எங்களில் மூத்தவருடையது, பெட்ரோல் நால்வருடையது. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டி, வளைவுகளில் ஏறி வெள்ளிமலைப் பக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மாலையில் அதே பாதை, அதே வளைவுகள். அந்தக் கார் இப்போது பன்னிரண்டு ஆண்டு உழைத்து ஓய்வு கேட்கிறது. ஆகவே சில வாரங்களாக எங்கள் வழிப்பேச்சில் இலக்கியம் குறைந்து, எந்தக் காரை வாங்குவது என்பதே நிறைந்துவிட்டது.

கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் குதிரைத்திறனையும் மைலேஜையும் எழுதுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலும் ஊட்டியிலும் விடுமுறைக்கு ஓட்டுகிறவருக்கு அவை போதும். நாள்தோறும் ஓட்டுகிறவருக்கு அப்படியில்லை. அவரைக் களைப்படையச் செய்பவை மிகச் சிறியவை: கிறீச்சிடும் வைப்பர், கண்ணைக் குத்தும் பின்வண்டி விளக்கு, ஏற்றத்தில் பின்னுக்கு நழுவும் அரை அடி. ஒரு நாளில் இவை ஒன்றுமில்லை. இருநூறு வேலைநாள் சேர்ந்தால், இந்த ஆண்டு மாறுதல் கலந்தாய்வில் சமவெளிப் பள்ளி ஒன்றைக் கேட்கலாமா என்று மனிதர் யோசிக்கத் தொடங்குகிறார். எங்கள் மூத்தவர் அப்படி யோசித்தார். அவர் இறங்கிவிட்டால் காரும் இறங்கிவிடும். மீதி மூவருக்கும் பேருந்து நேரம் பள்ளி நேரத்தோடு பொருந்தாது. ஆதலால் காரின் சில்லறை வசதிகள் எங்களுக்கு ஆடம்பரப் பேச்சு அல்ல. மலையில் ஒரு வகுப்பறை திறந்திருப்பதோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு.

முதலில் கண்ணாடியைச் சொல்ல வேண்டும். ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் உள்கண்ணாடியின் அடியில் சுண்டுவிரல் அளவு நெம்புகோல் ஒன்று இருக்கும். இரவில் அதைத் தள்ளினால் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் சட்டென்று அடங்கி, இரண்டு மங்கிய புள்ளிகளாகிவிடும். இதில் மின்சாரம் கிடையாது. அந்தக் கண்ணாடியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. ஆப்பு போல ஒரு பக்கம் தடித்திருக்கும். பின்பக்கம் வெள்ளிப்பூச்சு. பகலில் நாம் பார்ப்பது அந்தப் பூச்சின் பிரதிபலிப்பை. நெம்புகோலைத் தள்ளியதும் பூச்சு காட்டுவது காரின் இருண்ட கூரையை. நம் கண்ணுக்கு வருவது முன்பக்க வெறுங்கண்ணாடி திருப்பி அனுப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு வெளிச்சம் மட்டும். எவ்வளவு எளிய தந்திரம்! ஆயினும் விலை குறைந்த வகைகள் சிலவற்றில் இதைக்கூட விட்டுவிடுகிறார்கள். மூத்தவரின் காரிலும் இருக்கவில்லை. அதே காரின் மேல்வகைக்குரிய கண்ணாடியை உதிரிபாகக் கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினோம்.

வயதானவர் கண்ணுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஐம்பதைத் தாண்டும்போது கண்வில்லை தெளிவிழந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கூசிய கண் மீண்டும் இருளுக்குப் பழக அதிக நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில்தான் எங்கள் சாலையில் கரும்பு டிராக்டர் நிற்கும். மாவட்டத்தின் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் ஒன்று மூங்கில்துறைப்பட்டில் இருக்கிறது, மற்றது கச்சிராயபாளையத்தில், அதாவது நாங்கள் திரும்பும் வழியில். அரவைக் காலத்தில் கட்டுக்கு வெளியே இருபுறமும் தோகை நீட்டிக்கொண்டு, பின்விளக்கு இன்றி, சில சமயம் சிவப்புப் பிரதிபலிப்பு ஒட்டியும் இன்றி, டிரெய்லர்கள் வரிசையாய்ப் போகும். அவை இருளோடு இருளாக இருக்கும். அந்தப் புதுக் கண்ணாடி பொருத்திய பிறகு வந்த மார்கழியில் மூத்தவர் மாறுதலைப் பற்றிப் பேசவில்லை. எதிரே வருகிறவரின் ஹை பீமுக்கு மட்டும் அந்தக் கண்ணாடியால் ஒன்றும் செய்ய முடியாது. முன்பு அம்பாசிடரில் டிப்பர் பொத்தான் ஓட்டுநரின் இடது காலடியில் இருந்தது. எதிர்வண்டி வந்தால் கால் தானாகவே அதை மிதிக்கும். இப்போது விரல் நுனியில் இருக்கிறது, ஆனால் எதிரே வருகிறவருக்கு அந்த விரலை அசைக்க மனம் வருவதில்லை.

எங்கள் பாதைக்கே உரிய விசித்திரம் ஒன்று உண்டு. மலை கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிறது. காலையில் மேற்கு நோக்கி ஏறுகிறோம், மாலையில் கிழக்கு நோக்கி இறங்குகிறோம். இரு வேளையும் சூரியன் எங்கள் முதுகில். எங்களுக்குக் கண் கூசாது, உள்கண்ணாடியில்தான் கூசும். அந்த நெம்புகோல் பகலிலும் பயன்படுவது இப்படித்தான். எதிரே வருகிறவருக்கோ சூரியன் நேர் முகத்தில். வெயிலுக்குள்ளிருந்து வரும் எங்களை அவர் காணமாட்டார். அதனால் சமவெளிப் பகுதியில் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொள்கிறோம். இருசக்கர வண்டிகளில் 2017 ஏப்ரல் முதல் விளக்கு தானாக எரிவது கட்டாயமானது; எதிரே வரும் பைக்காரர் எங்கள் விளக்கைப் பார்த்து, அணைக்க மறந்துவிட்டீர்கள் என்று கையை மடக்கி விரித்துச் சைகை காட்டுவார். நாங்களும் பதிலுக்குத் தலையசைப்போம்.

மலையேறத் தொடங்கியதும் சாரல். மழை என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வைப்பரை ஓடவிட்டால் காய்ந்த கண்ணாடியில் ரப்பர் அலறும். நிறுத்தினால் உலகம் புள்ளி புள்ளியாகும். இதற்குத்தான் விட்டுவிட்டு ஓடும் வைப்பர். வைப்பருக்கு 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மேரி ஆண்டர்சன் என்னும் பெண். விட்டுவிட்டு ஓடும் வகையை அறுபதுகளில் உருவாக்கியவர் ராபர்ட் கியர்ன்ஸ். மண நாள் இரவில் ஷாம்பெயின் போத்தலின் மூடி தெறித்து அவருடைய ஒரு கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கண் ஓயாமல் துடைத்துக்கொண்டிருப்பதில்லை, சற்று இடைவெளி விட்டுத்தானே இமைக்கிறது என்று அவர் யோசித்தார். ஃபோர்டு நிறுவனத்துக்கு அதைக் காட்டினார். பிறகு அவர்கள் கார்களில் அத்தகைய வைப்பர் வந்தது, அவருக்கு உரிமைத் தொகை வரவில்லை. 1978இல் வழக்குத் தொடுத்து, 1990இல் நடுவர் குழு காப்புரிமை மீறப்பட்டது என்று சொல்லும் வரை போராடினார். அதற்குள் அவருடைய இல்லறம் முறிந்திருந்தது. பொத்தானை ஒரு நிலை கீழே தள்ளும்போதெல்லாம் எங்கள் மருந்தாளுநர் அவரை நினைத்துக்கொள்வதாகச் சொல்வார். சாரல் நாட்களில் அதிகம் நினைப்பாராம்.

கண்ணாடி உள்ளே பனிப்பது வேறு கதை. நால்வர் மூச்சு, நனைந்த குடை, வெளியே குளிர். உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகப் படிகிறது. துணியால் துடைப்பது வீண். அடுத்த வளைவுக்குள் மறுபடி படியும். ஏசியைப் போட்டு, உள்காற்றைச் சுழலவிடும் பொத்தானை அணைத்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதன் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று கேட்பார்கள். சமவெளியில், புழுக்கமான இரவில், ஏசியால் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் பனிக்கும். அதற்கு வைப்பர் போதும். எந்தப் பக்கம் என்று அறிய விரலால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கேதான் தொடுதிரை கார்கள் மீது எங்களுக்குக் கோபம். பழைய கார் பணிமனையில் கிடந்த இரண்டு வாரம் மருந்தாளுநரின் மைத்துனர் தம் புதிய காரைத் தந்திருந்தார். நல்ல மனிதர், நல்ல கார். ஆனால் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பத் திரையில் மூன்று இடம் தொட வேண்டும், அதுவும் கொண்டை ஊசி வளைவில். பழைய காரின் திருகு குமிழை இருட்டிலும் கை அறியும். ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், வைப்பர், ஹார்ன், திசைகாட்டி விளக்கு முதலியவற்றுக்குத் தொட்டு உணரத்தக்க பொத்தான்கள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் விதித்திருக்கிறது. குமிழ்களுக்கு நல்ல காலம் திரும்பும்போலும்.

அதே காரில் நாங்கள் மயங்கிய வசதி ஏற்றத்தில் நழுவாமை. வளைவில் மேலிருந்து பேருந்து வருகிறது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. பேருந்தின் அளவு வேறு விதி. நாம் நிற்கிறோம். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குக் கொண்டுபோகும் அந்த நொடியில் பழைய கார் பின்னுக்கு நழுவும். மூத்தவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்சைப் பாதி விட்டு, என்ஜின் முனகும் கணத்தில் அதைத் தளர்த்துவார். அது ஒரு கலைதான். புதிய கார் காலை எடுத்த பின்னும் ஓரிரு நொடி தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது. புதுமை என்று நினைத்தோம். 1936இலேயே அமெரிக்க ஸ்டூடபேக்கர் கார்களில் இதன் முன்னோடி இருந்திருக்கிறது. நம் மலைகளுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் மாலை, மலையாளிப் பெரியவர் ஒருவர் கடுக்காய் மூட்டையோடு கையைக் காட்டினார். பின்னிருக்கையில் இடம் செய்து அவரை ஏற்றி, மூட்டையை முன்னிருக்கையில் வைத்தோம். கார் கூவத் தொடங்கியது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் முன்னிருக்கை இரண்டுக்கும் பெல்ட் நினைவூட்டல் கட்டாயம். எடை இருந்தால் ஆள் இருப்பதாகக் கார் எண்ணிக்கொள்கிறது.

“வாத்தியாரே, வண்டி ஏன் கத்துது?”

“மூட்டைக்கு பெல்ட் போடச் சொல்லுதுங்க ஐயா.”

“போட்டுடுங்க. அதுக்கும் உசிரு இருக்குன்னு நெனைக்குது பாவம்.”

போட்டோம். கச்சிராயபாளையம் வரை கடுக்காய் பத்திரமாக வந்தது.

பெரியவர் ஏறிய இடத்திலிருந்து அவருடைய ஊருக்குக் கார் போகும் பாதை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் பல உயிர்களைக் கொண்டுபோன பின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தபோது சாலைகளும் பேசப்பட்டன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால் ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டது. ஒற்றையடிப் பாதைகள் பல இன்னும் ஒற்றையடிப் பாதைகளாகவே இருக்கின்றன. ஏசிக் குமிழைப் பற்றி வாதிடும்போது இது எங்களுக்கு உறுத்தும்.

எரிபொருள் முள்ளின் பக்கத்திலிருக்கும் சிறு அம்புக்குறியை விட்டுவிட மனமில்லை. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று அது காட்டும். 1986இல் ஜேம்ஸ் மொய்லன் என்னும் ஃபோர்டு பொறியாளர், அலுவலகக் காரைத் தவறான பக்கம் நிறுத்தி மழையில் நனைந்த கையோடு மேலிடத்துக்குக் குறிப்பு எழுதியதில் பிறந்தது. இரவல் காரில் முதல் நாள் பங்க்கில் நுழைந்தபோது எங்களுக்குக் கைகொடுத்தது.

சென்ற ஞாயிறு விற்பனையகம் ஒன்றுக்குப் போனோம். விற்பனை இளைஞர் திரையின் அங்குல அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவர் கண்ணாடியின் நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தார். இருந்தது. குமிழ் மூன்றும் இருந்தன. ஏற்றத்தில் பிடிக்கும் வசதி அடுத்த வகையில்தான், நாற்பதாயிரம் கூடுதல் என்றார். அதை நால்வராகப் பகிர்வது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். டீச்சர் ஒரு கேள்விதான் கேட்டார்: வண்டியை அணைத்த பிறகும் முன்விளக்கு சற்று நேரம் எரியுமா? மைத்துனரின் கார் அப்படி எரிந்தது. கடைசியாக இறங்குகிறவர் அவர்; அவர் தெருவில் விளக்குக் கம்பம் பழுதாகி மாதங்கள் ஆகின்றன. இளைஞர் கையேட்டைப் புரட்டிப் பார்த்து, முப்பது நொடி எரியும் என்றார். கேட்டுக்கும் கதவுக்கும் இடையே பதினைந்து எட்டு, பூட்டைத் திறக்கப் பத்து நொடி என்று டீச்சர் விரல்விட்டு எண்ணினார்.