கௌரவமும் கெளரவமும்

தலைப்பில் இருப்பவை இரண்டு வேறு சொற்கள். கண்ணால் வாசிக்கும் பெரும்பாலோர், ஒரே சொல்லை இருமுறை எழுதியிருப்பதாகவே கொள்வர். முதற்சொல் ஔகாரம் ஏறிய ககரத்தில் தொடங்குகிறது. இரண்டாவதன் தொடக்கத்தில் இருப்பதோ எகரம் ஏறிய ககரமும் அதையடுத்த தனி ளகரமும். இப்பதிவைத் திரைவாசிப்பான் வழியே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டிராது. அவர் காதில் இரண்டாம் சொல் 'கெ, ள, ர' என்று இடறியிருக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் அறிவிப்புகளில் 'கெளரவ விரிவுரையாளர்' என்று எத்தனை இடங்களில் தட்டச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இதை எனக்குச் சுட்டிக்காட்டியவர் எங்கள் துறையில் எனக்குப் பின் ஆய்வில் சேர்ந்தவர். விருதுநகர் மாவட்டத்துக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், தமிழ் வினையெச்சங்களைப் பற்றி ஆய்கிறார். ஐதராபாத்தில் தமிழ் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் முதல் நாளே என்னை அக்கா ஆக்கிக்கொண்டார். இதை எழுத இசைவு தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். "தம்பின்னே போடுங்கக்கா, போதும்."

தம்பிக்குக் கருவிக்குக் குறைவில்லை. அவர் பயன்படுத்தும் என்விடிஏ விலையில்லாத மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006இல் அதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே பின்னர் அவருடன் இணைந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். அதனுடன் வரும் ஈஸ்பீக் ஒலிப்பான் தமிழும் வாசிக்கும். குரல் இயந்திரக் குரல்தான். 'டீ' என்பதிலும் 'டாக்டர்' என்பதிலும் உள்ள டகரங்கள் வெவ்வேறாக ஒலிக்கும் என்பது நமக்குப் பழக்கத்தால் தெரியும். எழுத்து அதைச் சொல்வதில்லை. எழுத்தை மட்டும் நம்பும் ஒலிப்பான் என்ன செய்யும்? தம்பி இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவரோ அந்த வேகத்தில் ஒரு கட்டுரையைக் கேட்டு முடித்து, ஏழாம் அடிக்குறிப்பில் உள்ள முரணைச் சொல்வார்.

சிக்கல், அவர் வாசிக்க வேண்டிய நூல்கள் இருக்கும் நிலையில்தான். 'மின்னூல்' என்று நாம் பகிர்ந்துகொள்வனவற்றுள் பெரும்பகுதி, பக்கங்களை ஒளிப்படம் எடுத்து அடுக்கியவை. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். இன்னொரு வகை இதைவிடத் தந்திரமானது. அதில் எழுத்து இருக்கும், தெரிவுசெய்யலாம், நகலெடுக்கலாம். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்திருப்பார்கள். திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும் இடத்தில், கணினிக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். தம்பியின் காதில் விழுவதும் அதுவே. ஒரு முழு நூலை இப்படிக் கேட்பது எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ் அச்சுக்கோப்போ தன் போக்கில் சென்றது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்துக்கொண்டது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. பேஜ்மேக்கரில் பழகிய கைகள் அதற்குப் பின்னும் பழைய எழுத்துருக்களிலேயே நூல்களைக் கோத்தன. அச்சில் வேறுபாடு தெரியாதபோது யார் மாற்றுவார்கள்?

இதனால் விளைந்த விந்தை ஒன்று உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், பழைய இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்தார்கள். பார்வையற்றோரை மனத்தில் கொண்டு தொடங்கிய பணி அன்று. எனினும் அதன் பயன் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தம்பி தொல்காப்பிய மூலத்தைத் தடையின்றிப் படித்துவிடுகிறார். அதன் எச்சவியலைப் பற்றி 1980களில் எழுதப்பட்ட ஆய்வுநூலைத்தான் அவரால் படிக்க இயலவில்லை. காலத்தால் அருகில் உள்ள நூல்தான் அவருக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

நன்னூல், எழுத்தை முதலில் ஒலி என்றே வரையறுக்கிறது. வரிவடிவம் அதன் பின்தான். பழைய எழுத்துருக்கள் வரிவடிவத்தை மட்டும் காத்து, அது எந்த எழுத்து என்னும் அடையாளத்தைக் கைவிட்டன. 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று பதித்தன. பிரெய்லில் இந்தக் குழப்பமே இல்லை. ககரத்தை அடுத்து ஒகரம் வரும், அவ்வளவுதான். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் ஒலியைப் பற்றிச் செல்வதால், தெலுங்குக் ககரத்துக்கும் தமிழ்க் ககரத்துக்கும் ஒரே புள்ளிகள். விடுதியில் ஒரு தெலுங்கு மாணவர் தம்பியின் தமிழ்ப் பக்கத்தை விரலால் தடவிப் பொருள் தெரியாமலே ஒலித்துக் காட்டினார். ழகரம் வந்த இடத்தில் மட்டும் நின்றார். ஒப்பிலக்கணம் படிப்போர் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் துறையின் எழுத்துமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொழியியல் கட்டுரைகளில் ஓர் எடுத்துக்காட்டு மூன்று வரிகளில் வரும். மேலே மூலம், அதன் கீழ் உருபன்வாரியான பொருள், அதற்கும் கீழே மொழிபெயர்ப்பு. ஒவ்வோர் உருபனும் தன் விளக்கத்துக்கு நேர் மேலே நிற்பதுதான் இதன் உயிர். பெரும்பாலோர் இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டியே நேர் செய்கிறோம். திரைவாசிப்பான் முதல் வரியை முழுதும் படித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வரும். 'வந்துகொண்டிருந்தவனைப் பார்த்து' என்று ஐந்தாறு உருபன்களைக் கேட்ட பிறகு, நான்காவதன் விளக்கம் எது என்று நினைவில் வைத்துப் பொருத்த வேண்டும். தம்பி கேட்டது எளிய மாற்றம்: ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் அட்டவணையாக அமைத்து, ஓர் உருபனுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்தியபடி கீழம்பைத் தட்டினால் அந்த உருபனின் விளக்கம் மட்டும் ஒலிக்கும். கோடுகளை மறைத்துவிட்டால் அச்சில் வேறுபாடே தெரியாது.

தொடரமைப்பைக் காட்டும் கிளைப்படங்களும் அப்படியே. படமாக ஒட்டினால் அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே செய்தியை எழுத்தாக எழுதும் முறை எங்கள் துறையில் நெடுங்காலமாகவே உண்டு: [வாக்கியம் [பெயர்த்தொடர் கண்ணன்] [வினைத்தொடர் [பெயர்த்தொடர் புத்தகம்] படித்தான்]]. அடைப்புக்குறிகளைக் காதால் எண்ணுவது கடினம் என்பதால், உள்ளே உள்ளே ஒதுங்கிச் செல்லும் பட்டியலாகத் தந்தால் இன்னும் நலம் என்கிறார். எந்த அடுக்கில் நிற்கிறோம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடுமாம்.

பன்னாட்டு ஒலியன் குறிகளைப் பல ஒலிப்பான்கள் வாசிக்காமலே தாண்டிச் சென்றுவிடும். அதற்கும் வழி தேடியவர்கள் உண்டு. மெரிக், பொட்ஹாஃப் இருவரும் 1934இலேயே அக்குறிகளுக்குப் பிரெய்ல் வடிவம் வகுத்தனர். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மொழியியலாளர் ராபர்ட் எங்கிள்பிரெட்சன், தாமும் பார்வையற்றவர், 2008இல் அதைப் புதுப்பித்தார். ஒலியியல் வகுப்புகள் எத்தனை எடுத்தோம்! இவற்றுள் ஒரு பெயரையும் எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை, தம்பிதான் சொன்னார்.

சட்டம் இல்லாமலில்லை. 2005இல் ராஜீவ் ரதூரி என்னும் பார்வையற்றவர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. இந்த ஊரின் ஷாமீர்பேட்டையில் உள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம் அளித்த அறிக்கை அதற்குத் துணைநின்றது. 2017ஆம் ஆண்டு விதிகளின் 15(1) பிரிவு, கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் பரிந்துரையாக்கிவிட்டதால் அது சட்டத்துக்கு முரணானது என்று கூறிய நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் கட்டாய அளவுகோல்களை வகுக்கப் பணித்தது. மகிழ்ச்சி. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 32ஆம் பிரிவு அரசின் உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுவனவற்றிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. 17ஆம் பிரிவு நூல்களையும் உதவிக் கருவிகளையும் விலையின்றித் தரச் சொல்கிறது, 18 வயது வரை. பல்கலைக்கழக வாயிலில் காலடி வைக்கும் வயதில் நூல் தரும் கடமை முடிந்துவிடுகிறது.

இதே நகரின் தேவ்நார் பார்வையற்றோர் பள்ளியில் படித்த ஸ்ரீகாந்த் போல்லாவை நீங்கள் அறிவீர்கள். 2024இல் அவரைப் பற்றித் திரைப்படமே வந்தது. பதினோராம் வகுப்பில் அறிவியல் படிக்க நீதிமன்றம் சென்று வென்றவர். பின் எம்ஐடியில் பயின்றார். எல்லோரும் வழக்கைப் பேசுகிறார்கள். நான் நினைப்பது, வழக்கு முடிந்த பின் பாடநூல்களைத் தம் குரலில் பதிவுசெய்து தந்த ஆசிரியரை. வழக்கில் வென்றாலும் படிக்க நூல் வேண்டும். அதை யாரோ ஒருவர் மாலைகளைச் செலவிட்டு உண்டாக்க வேண்டியிருந்தது.

எங்கள் மாலைகளும் அப்படித்தான் கழிகின்றன. நானும் இரு நண்பர்களும் பக்கங்களை எழுத்துணரியில் இட்டுத் திருத்துகிறோம். கால் வாங்கிய எழுத்துகளில் எல்லாம் காலை அது ரகரமாக எடுத்துக்கொள்ளும். 'பாடம்' 'பரடம்' ஆகும். கண் அதை எளிதில் தாண்டிவிடுகிறது. நாங்கள் இருமுறை பார்த்துக் கொடுத்த பக்கத்தில் தம்பி பதினோரு பிழை சொன்னார். மெய்ப்புப் பார்க்கக் காதே தகுந்த உறுப்பு என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். படத்தைப் பார்த்து எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இருக்க இவ்வளவு பாடு ஏன் என்று கேட்கிறார்கள். முயன்றோம். தெளிவில்லாத இடத்தில் அவை பொருந்தி வரும் வேறொரு சொல்லை இட்டு நிரப்பிவிடுகின்றன. 'பரடம்' காதில் இடறும். 'செய்து' இருந்த இடத்தில் 'செய்ய' வந்தால் இடறாது. எச்சங்களை ஆய்பவருக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

பதிப்பகங்களிடமும் கேட்டோம். ஒருவர் மூலக்கோப்பு வெளியே போனால் திருட்டுப் பிரதி வரும் என்று மறுத்தார்; அவர் அச்சம் பொய்யானதன்று. மற்றொருவர், நாங்கள் காரணம் சொல்லி முடிக்கும் முன்னே, பதினைந்தாண்டுப் பழைய பேஜ்மேக்கர் கோப்பை அனுப்பிவிட்டார். குறியேற்றத்தைக் கண்டறிந்து மாற்றியபின் அரைநாளில் நூல் முழுதும் தம்பியிடம் இருந்தது. அதே அளவுள்ள இன்னொரு நூலை ஒளிப்படத்திலிருந்து மீட்க எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைக் கேட்டபோது, பதிப்புரிமை இடம் தராது என்றார்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் ஒரு நூலைப் படியெடுக்க எவருக்கும் இடம் தருகிறது. பார்வையற்றோருக்கான மராக்கேசு உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக ஏற்புறுதி செய்ததும் இந்தியாதான். இரண்டையும் அச்சிட்டு எடுத்துச் சென்றோம். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அதற்காகக் காத்திருக்கும் வேளையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் இலக்கணம், மொழியியல் குறித்து 1990க்குப் பின் ஆய்வேடோ நூலோ எழுதியவர்கள் இதை வாசிக்கக்கூடும். அவர்களின் மாணவர்களும் வாசிக்கக்கூடும். கணினியில் கோத்த மூலக்கோப்பு பழைய குறுவட்டில், இறந்துபோன மின்னஞ்சலில், தட்டச்சு நிலையத்தில் எங்கேனும் இருக்கும். தேடி உள்பெட்டிக்கு அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் இருந்தாலும் சரி, எழுத்துருவின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். பெயர் மறந்துவிட்டால், முதற்பக்கத்தின் அச்சுப்படியை ஒளிப்படம் எடுத்து உடன் வையுங்கள். அதில் 'தமிழ்' என்னும் சொல் எங்கே வருகிறது என்று தெரிந்தால், மற்ற எழுத்துகளை நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம்.