சுடுதண்ணீர்த் தாங்கி யாருடையது?

ஒன்ராறியோவில் வீடு வாங்கினால் சுடுதண்ணீர்த் தாங்கியும் வீட்டோடு வந்துசேரும். ஆனால் பல வீடுகளில் அது வாடகைச் சாமான். மாதாமாதம் காசு போய்க்கொண்டே இருக்கும்; பத்து வருடம் கட்டினாலும் சொந்தமாகாது. பங்குக் கிணற்றுக்கு நீதிமன்றப் படி ஏறிய சனம் நாங்கள். இங்கே சுடுதண்ணீரை வாடகைக்கு எடுத்துக் குளிக்கிறோம் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்று இனிக் கேட்க முடியாது. அவர் போன பிறகு, 2021இல், ஸ்காபரோ வீட்டை விற்க வெளிக்கிட்டோம். வழக்கறிஞர் அழைத்தார்: வீட்டின் பதிவில் ஒரு நிறுவனம் தன் உரித்தைப் பதிந்து வைத்திருக்கிறது, அதை நீக்காமல் விற்க முடியாது. தேடிப் பார்த்ததில் 2016ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று அகப்பட்டது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வாசலுக்கு வந்து, பழைய தாங்கி ஆபத்து, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்பா தேத்தண்ணி கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நிறுவனம் கேட்ட தொகை, கடையில் புதுத் தாங்கி விற்கும் விலையைப்போல் பல மடங்கு. வீடு விற்ற காசிலிருந்து அது போனது.

வாசலுக்கு வந்து தாங்கி விற்பதை மாகாணம் 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருந்தது. வீட்டுப் பதிவில் இப்படி உரித்துப் பதிவதை நிறுத்திய சட்டம் 2024 ஜூனில்தான் வந்தது. பழைய பதிவுகளும் அதோடு காலாவதியாகின. ஆனால் பதிவு போனாலும் ஒப்பந்தம் போகாது. வயதான பெற்றோர் இருக்கிற வீடுகளில் அந்தக் கடதாசிகளை ஒருமுறை எடுத்து வாசியுங்கள்.

அம்மா இப்போது சிறிய வீடொன்றில் இருக்கிறா. போன மாரியில் ஒருநாள், "பிள்ளை, கீழ தாங்கிக்குள்ள அரிசி கொதிக்கிறமாதிரிக் கேக்குது" என்றா. சரியாகத்தான் சொன்னா. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்து தடிக்கும். அதற்குக் கீழே அகப்பட்ட தண்ணீர் கொதித்து, குமிழி குமிழியாக வெடித்துக்கொண்டு மேலே வரும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படியுமே, அதுதான். ஊரில் தேசிக்காய் போட்டுக் கொதிக்கவைத்தா. இங்கே வருடத்துக்கு ஒருமுறை அடிக்குழாயைத் திறந்து சில வாளி தண்ணீர் விட்டால், படிவு தடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தாங்கி அதைத் தாண்டிவிட்டது. வயது 13, அடியில் துரு கசிந்திருந்தது. தாங்கிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று தொங்கும். துரு முதலில் அதைத்தான் தின்னும், கம்பி முடிந்த பிறகே இரும்பில் கை வைக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பியை மாற்றினால் தாங்கியின் ஆயுள் கூடும். அதைத் தாங்கி விற்கிறவர்கள் சொல்வதில்லை, ஏன் சொல்லப்போகிறார்கள்?

பக்கத்திலுள்ள பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதென்று மூடி போட்டு அடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். 99 பாகைச் சூட்டிலோ 150 பிஎஸ்ஐ அழுத்தத்திலோ திறந்துகொள்ளத்தான் அந்த வால்வு இருக்கிறது. அடைத்தால் வீட்டுக்குள் குண்டு வைத்த மாதிரி. சூட்டை மிகக் குறைத்து வைப்பதும் கூடாது: தாங்கிக்குள் 60 பாகை இல்லாவிட்டால் லெஜியோனெல்லாக் கிருமி வளர இடமுண்டு. குழாயில் வரும்போது குளிர்தண்ணீர் கலந்து 49 பாகைக்கு இறக்க ஒரு கலப்பு வால்வு இருக்கிறது. எரிவாயு வேலைக்கு உரிமம் உள்ளவரைத்தான் கூப்பிட்டோம்.

வந்தவர் எங்கள் ஆள்தான். வேலை முடிந்ததும் தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் வரும் பிரதான வால்வை அம்மாவைக்கொண்டே இரண்டுதரம் மூடித் திறப்பித்தார். கடன்காரரிடம் கேட்பதுபோல் அம்மா கேட்டா:

"தம்பி, இது ஆற்ற தாங்கி?"

"உங்கட தான் அம்மா."

"அப்ப பில்லைத் தாங்கோ."

காணி உறுதி இருக்கிற பிஸ்கட் தகரத்துக்குள் அதையும் மடித்து வைத்தா.